வென்ற ஆட்டம் சரியான ஆட்டமா?

பரிஸின் லாச்சப்பல் பக்கத்துத் தமிழரிடையே போக்கரைப் பற்றி இரண்டு நம்பிக்கைகள் உலவுகின்றன. அது முழுக்க அதிர்ஷ்டம், படிப்பதற்கு அதில் ஒன்றுமில்லை என்பது ஒன்று. ஆட ஆடத்தான் வரும், ஊரில் 304 சீட்டாட்டம் ஆடி வளர்ந்த கைக்கு இரண்டு சீட்டு ஆட்டம் எம்மாத்திரம் என்பது மற்றது. ஒன்றையொன்று மறுப்பதுபோலத் தெரிந்தாலும் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: மேசையில் விழுந்த முடிவை வைத்தே ஆட்டத்தை எடைபோடுவது. தோற்றவர் அதிர்ஷ்டத்தைச் சொல்கிறார், வென்றவர் கைப்பழக்கத்தைச் சொல்கிறார். ஆனால் போக்கரில் ஒரு நாள் முடிவோ ஒரு மாத முடிவோ, பல வேளைகளில் ஒரு வருட முடிவோகூட, ஆடியவர் நன்றாக ஆடினாரா என்பதைச் சொல்வதில்லை. இதை ஒப்புக்கொண்ட பிறகுதான் இந்த ஆட்டத்தை எப்படிப் படிப்பது என்று கேட்கவே முடியும்.

இந்தக் கேள்வி பரிஸில் இப்போது பலருக்கும் வேண்டியதாகிவிட்டது. 1920இன் சட்டம் பரிஸைச் சுற்றி 100 கிலோமீட்டருக்குள் சூதாட்டத்தைத் தடுத்தது. 1931இல் ஆங்கியன் லே பான் நகரத்துக்கு மட்டும் விலக்குக் கிடைத்தது. நகருக்குள்ளே சங்கங்களாகப் பதிந்திருந்த பழைய 'செர்க்கிள்'கள்தான் நெடுங்காலம் போக்கருக்கு இடம் கொடுத்தன. அவற்றில் பேர்போன அவியசியோன் கிளப், சோம்ஸ் எலிசேயில் இருந்தது, 2014இல் பொலிஸ் சோதனைக்குப் பின் மூடப்பட்டது. 2017 பெப்ரவரியில் வந்த சட்டம் புதிய முறையில் 'கிளப்'களை அனுமதிக்க, 2018 முதல் அவை திறந்தன. லாச்சப்பலில் 2ஆம் இலக்க மெட்ரோ ஏறினால், அவற்றில் சில இருக்கும் எத்துவால் பக்கத்துக்கு மாறாமலே போய்விடலாம். இணையத்திலோ 2010 மே மாதச் சட்டத்திலிருந்து உரிமம் பெற்ற தளங்களில் போக்கர் ஆட முடிகிறது. ஆட்டம் இவ்வளவு கிட்ட வந்துவிட்டது. அதைப் பற்றிய அறிவு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

முதலில் அதிர்ஷ்டம். 2010ஆம் ஆண்டு லாஸ் வேகாஸில் நடந்த உலகப் போக்கர் தொடரின் கணக்கைப் பொருளியலாளர்கள் ஸ்டீவன் லெவிட்டும் தோமஸ் மைல்ஸும் ஆராய்ந்தார்கள். தொடர் தொடங்குமுன்பே திறமைசாலிகள் என்று அடையாளம் காணப்பட்டிருந்தவர்கள் தாங்கள் கட்டிய பணத்தின் மேல் நூற்றுக்கு 30க்கு மேல் இலாபம் கண்டார்கள். மற்றவர்கள் நூற்றுக்கு 15 அளவில் இழந்தார்கள். வெறும் அதிர்ஷ்டமென்றால் முன்கூட்டியே பெயர் சொல்லி இப்படிப் பிரித்திருக்க முடியாது. ஆனால் 'திறமை ஆட்டம்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு ஏமாறுவதும் நடக்கிறது. 2023 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம், தமிழ்நாட்டின் இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் ரம்மிக்கும் போக்கருக்கும் பொருந்தாது, அவை திறமை சார்ந்தவை என்று தீர்ப்பளித்தபோது அதைத் தங்களுக்குக் கிடைத்த நற்சான்றுபோலப் பலர் எடுத்துக்கொண்டார்கள். (பணம் வைத்து ஆடும் எல்லா இணைய ஆட்டங்களையும் 2025இல் இந்திய நாடாளுமன்றம் திறமை, அதிர்ஷ்டம் என்று பாராமல் தடைசெய்துவிட்டது.) ஓர் ஆட்டத்தில் திறமைக்கு இடமுண்டு என்றால், அந்தத் திறமை இல்லாதவர் அதில் உறுதியாக இழப்பார் என்பதும் அதற்குள்ளேயே அடக்கம்.

அப்படியானால் ஆட ஆட வராதா? இங்கேதான் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். நோ-லிமிட் ஹோல்டம் என்ற அந்த இரண்டு சீட்டுப் போக்கரில் நல்ல ஆட்டக்காரர் ஒருவர் 100 கைகளுக்குச் சராசரியாக 5 பெரிய பிளைண்ட் (கை தொடங்குமுன் கட்டாயமாக வைக்கும் தொகை) வெல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அது மதிக்கத்தக்க விகிதம். ஆனால் அந்த 100 கைகளில் ஏற்ற இறக்கத்தின் வழக்கமான அளவு 90 பிளைண்டுக்குக் கிட்ட இருக்கும். 10,000 கைகள் ஆடினால் எதிர்பார்க்கும் இலாபம் 500; ஏற்ற இறக்கம் வர்க்கமூல விகிதத்திலேயே கூடுவதால் அது 900. அதாவது அந்த நல்ல ஆட்டக்காரர் 10,000 கைகளுக்குப் பிறகும் நட்டத்தில் நிற்க நூற்றுக்கு 29 அளவில் வாய்ப்புண்டு. கிளப் மேசையில் மணிக்கு 25 கை போகலாம். வாரம் எட்டு மணி நேரம் ஆடுபவருக்கு 10,000 கை என்பது 50 வாரம். ஒரு முழு வருடம் சரியாக ஆடியும் பத்தில் மூன்று பேர் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள். இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் இன்னும் கவலைதான் மிஞ்சும்: அதே அளவுக்கு மோசமாக ஆடுகிற பத்துப் பேரில் மூன்று பேர் வருட முடிவில் இலாபத்தோடு, தங்களுக்கு ஆட்டம் வந்துவிட்டது என்ற முழு நம்பிக்கையோடு இருப்பார்கள். அவர்களுக்கு அந்த வருடம் கற்றுக்கொடுத்தது தங்கள் தவறுகளை மட்டுமே.

304 ஆடியவருக்கு இது எளிதில் பிடிபடாததற்குக் காரணம் 304 நல்ல ஆசிரியர் என்பதுதான். அதன் கணக்கைப் பாருங்கள்: ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஓர் இனத்துக்கு 76, நாலு இனத்துக்கு 304. 32 சீட்டும் நாலு பேர் கையில். பெரும்பாலான ஆட்டங்களில் கடைசிக்குள் எல்லாச் சீட்டும் மேசைக்கு வந்துவிடும். துரும்பை எப்போது திறந்திருக்க வேண்டும், கூட்டாளி ஏன் அந்த ஒன்பதை வைத்துக்கொண்டிருந்தார், கேட்ட கேள்வி கூடிப்போனதா என்பதெல்லாம் அடுத்த பங்கீட்டுக்கு முன்பே வாக்குவாதத்தில் தீர்ந்துவிடும். தவறுக்கும் தண்டனைக்கும் இடையில் சில நிமிடம்தான். போக்கரில் பெரும்பாலான கைகள் யாரோ ஒருவர் சீட்டை மடக்கிக் கீழே வைப்பதோடு முடிகின்றன. எதிராளியிடம் என்ன இருந்தது என்பது கடைசிவரை தெரியாது. உளவியலாளர்கள் டானியல் கானமனும் கேரி கிளைனும் 2009இல் சேர்ந்து எழுதிய கட்டுரையில், அனுபவத்தால் வரும் உள்ளுணர்வை நம்ப இரண்டு நிபந்தனைகள் வேண்டுமென்றார்கள்: சூழலில் ஒழுங்கு இருக்க வேண்டும், அந்த ஒழுங்கைக் கற்றுக்கொள்ளும்படி பதில் உடனுக்குடன் தெளிவாகக் கிடைக்க வேண்டும். 304இல் இரண்டும் உண்டு. போக்கரில் ஒழுங்கு உண்டு, பதில் இல்லை. ஆகவே 304 மேசையிலிருந்து உள்ளுணர்வைக் கொண்டுவர முடியாது. கொண்டுவரத்தக்கது, அதைவிட மதிப்புள்ளது, ஆட்டம் முடிந்ததும் நடக்கும் அந்த வாக்குவாதம்.

ஒரு கையை எடுத்துக்கொள்வோம். நடுவில் 100 யூரோ. நாலாவது பொதுச் சீட்டும் திறந்தாயிற்று. உங்கள் கையையும் மேசையையும் சேர்த்து ஒரே இனத்தில் நாலு சீட்டு. ஐந்தாவது வந்தால் ஃப்ளஷ், வராவிட்டால் ஒன்றுமில்லை. எதிராளி 50 வைக்கிறார். கட்டலாமா? கண்ணுக்குத் தெரியாத 46 சீட்டில் 9 உங்களுக்கு வேண்டியவை. நூற்றுக்கு 20க்குச் சற்றுக் குறைவு. 150ஐ வெல்ல 50 போடுகிறீர்கள், அதற்கு நூற்றுக்கு 25 வேண்டும். கணக்கின்படி ஒவ்வொரு முறையும் சராசரியாக 11 யூரோ நட்டம். ஆனால் ஐந்தில் ஒரு முறை அந்தச் சீட்டு வரும், 150 யூரோ உங்கள் பக்கம் வரும், மேசையில் இருப்பவர்கள் கைதட்டுவார்கள். நினைவில் நிற்பது அந்த ஒன்றுதான். மற்ற நாலும் 'சீட்டு வரவில்லை' என்று கழிந்துவிடும். சரி, ஃப்ளஷ் விழுந்தால் எதிராளியிடம் இன்னும் வாங்கலாமே என்று கேட்டால், அது நியாயமான மறுப்பு, அதற்கும் விடை உண்டு: விழுகிற முறைகளில் சராசரியாக இன்னும் 56 யூரோ வாங்க முடியுமென்றால் கட்டுவது சரி. அப்போது கேள்வி மாறுகிறது. இந்த எதிராளி, இந்தச் சீட்டு விழுந்த பிறகு, 56 யூரோ தருவாரா? இதுதான் படிக்க வேண்டிய கேள்வி. அது மேசையில் இருபது விநாடியில் தோன்றுவதில்லை. மறுநாள் காகிதத்தில் எழுதினால்தான் தோன்றும்.

எழுதும்போது ஒன்றை மறைக்க வேண்டும்: முடிவை. ஜொனதன் பாரனும் ஜோன் ஹெர்ஷியும் 1988இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே மருத்துவ முடிவை, ஒரே தகவல்களோடு, நோயாளி பிழைத்தார் என்று சிலருக்கும் இறந்தார் என்று சிலருக்கும் சொல்லி மதிப்பிடக் கேட்டார்கள். இறந்தார் என்று கேட்டவர்கள் வைத்தியரின் தீர்மானமே தவறு என்று சாய்ந்தார்கள். சீட்டுக்கும் இது அப்படியே பொருந்தும். எவ்வளவு பணம் எங்கே இருந்தது, யார் எந்த இடத்தில் உட்கார்ந்திருந்தார், யார் எவ்வளவு ஏற்றினார் என்று முடிவெடுக்க வேண்டிய கட்டம்வரை எழுதி நிறுத்திவிட்டு, நன்றாக ஆடும் நண்பரிடம் கொடுத்து, நீ என்ன செய்வாய், ஏன் என்று கேட்பதே நான் அறிந்தவரையில் மிகப் பயனுள்ள படிப்பு. இணையத் தளங்கள் கைகளைத் தாமே பதிந்துவைக்கின்றன; கிளப்பில் ஆடுபவர் இடைவேளையில் குறித்துக்கொள்ள வேண்டும். வென்ற கைகளையும் குறிக்க வேண்டும். பெரிய தோல்விகளை மட்டும் ஆராய்பவர், தப்பிப் பிழைத்த தவறுகளைக் கையில் வைத்துக்கொண்டே இருப்பார்.

காணொளி பார்த்துக் கற்கலாம் என்பதும் பாதி உண்மைதான். உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006இல் காட்டியது இது: ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த சோதனையில் முந்தினார்கள், ஒரு வாரம் கழித்து, வாசித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் தெளிவாக முந்தினார்கள். பெரிய ஆட்டக்காரர் ஒருவர் விளக்குவதைக் கேட்கும்போது எல்லாம் புரிகிறது. அந்தப் புரிதல்தான் ஏமாற்றுவது. அவர் முடிவைச் சொல்லுமுன் நிறுத்தி, உங்கள் முடிவையும் காரணத்தையும் எழுதிவிட்டுத் தொடர்ந்தால் அதே காணொளி வேறொன்றாகிவிடும்.

சரியான ஆட்டத்தைக் கணக்கிட்டுக் காட்டும், சால்வர் எனப்படும் கணினி மென்பொருள்களைப் பற்றியும் மிகைநம்பிக்கை உண்டு. 2017 ஜனவரியில் பிட்ஸ்பர்க்கில் லிப்ராட்டஸ் என்ற கணினி நாலு தொழில்முறை ஆட்டக்காரர்களை 1,20,000 கைகளில் வென்றது. 2019இல் ப்ளூரிபஸ் ஆறு பேர் மேசையிலும் வென்றது. அவற்றுக்குக் கண்ணில்லை. எதிராளியின் முகத்தைப் படிப்பதுதான் போக்கர் என்ற சினிமா நம்பிக்கைக்கு இதைவிடப் பெரிய மறுப்பு வேண்டாம். பிளஃப் செய்வதுகூட அவற்றுக்குத் துணிச்சலால் வந்ததல்ல, கணக்கால் வந்தது. அந்தக் கணக்கின் தொடக்கத்துக்குப் பரிஸ் சொந்தம் கொண்டாடலாம்: பஸ்கால் 1654இல் ஃபெர்மாவுக்கு எழுதிய கடிதங்களில் நிகழ்தகவு பிறந்தது, எமில் பொரெல் 1920களிலேயே, வொன் நொய்மானுக்கு முன்பே, ஆட்டக் கோட்பாட்டை எழுதத் தொடங்கினார். ஆனால் சால்வர் தரும் விடை, எதிராளியும் குறையில்லாமல் ஆடுகிறார் என்ற ஊகத்தின் மேல் நிற்பது. சிறிய தொகை மேசைகளில் எதிரே இருப்பவர் பெரும்பாலும் கட்டிக்கொண்டே போகிறவர்; அவரிடம் சால்வர் சொன்ன விகிதத்தில் பிளஃப் செய்வது பணத்தை வீசுவது. விடையை மனப்பாடம் செய்வதைவிட, ஒரு சீட்டை மாற்றினால் விடை ஏன் மாறுகிறது என்று கேட்பதற்கே அந்தக் கருவி உதவும்.

கடைசியாக, எல்லாவற்றிலும் கனமான மறுப்பு: இப்படிப் படித்து யாருக்கு என்ன பயன், சூதாட்டம் குடும்பத்தைத்தானே அழிக்கிறது? இந்தக் கேள்வியை நான் ஒதுக்கமாட்டேன். ஒரு மேசையில் ஒன்பது பேர், ஆளுக்கு 200 யூரோ, மொத்தம் 1,800. கிளப் ஒவ்வொரு கைக்கும் சராசரியாக 4 யூரோ கொமிஷன் எடுத்தால், மணிக்கு 25 கை என்றால், மணிக்கு 100 யூரோ மேசையை விட்டுப் போகிறது. ஆறு மணி நேரத்தில் 600. மூன்றில் ஒரு பங்கு. ஒன்பது பேரும் சம திறமையுள்ளவர்களானால் ஒன்பது பேரும் சராசரியில் இழப்பார்கள். சராசரியைவிடச் சற்றே நன்றாக ஆடுபவரும் இழப்பார். பெரும்பாலானவர்களுக்கு நேர்மையான படிப்பு காட்டப்போகும் விடை இதுதான், அதைக் காட்டுவதாலேயே படிப்பு வேண்டும் என்கிறேன். அதிர்ஷ்டம் திரும்பும் என்று காத்திருப்பவரை நிறுத்தக்கூடியது அறிவுரை அல்ல, தன் கையால் தேதி போட்டு எழுதிய வரவுசெலவுக் கணக்கு. கைக்குறிப்புக் கொப்பியின் பின்பக்கத்தில் ஒவ்வொரு அமர்வின் தொகையும் நேரமும் இருக்கட்டும். வாடகைப் பணமோ மாதச் சீட்டுக்குக் கட்ட வைத்த காசோ அந்தப் பக்கத்தில் வந்துவிட்டால் பிறகு படிப்பதற்கு ஒன்றுமில்லை. அப்போது உதவி கேட்க பிரான்ஸில் வழி இருக்கிறது: ஜுவேர் அன்ஃபோ செர்விஸ் 09 74 75 13 13 என்ற எண்ணில் பெயர் சொல்லாமலே பேசலாம். தேசியச் சூதாட்ட ஆணையத்திடம் தன்னைத் தானே தடைசெய்யக் கேட்டுக்கொண்டால் கசினோ, கிளப், உரிமம் பெற்ற இணையத் தளம் எதிலும் ஆட முடியாது; மூன்று ஆண்டு முடியுமுன் அந்தத் தடையைக் கேட்டவராலும் நீக்கிக்கொள்ள முடியாது.