பவர் கண்ணாடி போட்டவர் பட்டறைக்கு எந்தக் கண்ணாடி வாங்குவது?

லேத்தில் இரும்பு கடைபவர், கிரைண்டரில் பிசிறு எடுப்பவர், வெல்டிங் வைப்பவர் என்று யாரைக் கேட்டாலும், பவர் கண்ணாடி போட்டவராக இருந்தால் ஒரு பதில் வரும்: “எனக்குத்தான் கண்ணாடி இருக்கே, தனியா எதுக்கு?” கோவையின் கணபதி, பீளமேடு பக்கத்துப் பட்டறைகளில் இது சாதாரணப் பேச்சு. இந்த நம்பிக்கையால் கண் போயிருக்கிறது. அதனால் இதை முதலில் விட்டுவிட வேண்டும்.

சாதாரணக் கண்ணாடி பார்ப்பதற்காகச் செய்தது. பறந்து வரும் இரும்புத் துகளை அது தாங்குமா என்று யாரும் சோதித்ததில்லை. அடி பட்டால் லென்ஸ் உடைந்து சில்லு கண்ணுக்குள் போகலாம். உடையாமல் தப்பினாலும், பிரேமிலிருந்து கழன்று கண்ணை நோக்கியே தள்ளப்படலாம். பாதுகாப்புக் கண்ணாடியின் பிரேமில் லென்ஸ் பின்பக்கம் கழலாதபடி பள்ளம் வைத்திருப்பார்கள். அலுவலகத்துக்குப் போடும் மெல்லிய பிரேமில் அது கிடையாது. பக்கவாட்டிலோ மறைப்பே இல்லை. கடையில் விற்கும் பக்கத் தடுப்பை வாங்கிச் சாதாரணக் கண்ணாடியில் மாட்டினால் ஓரம் மறையும், லென்ஸும் பிரேமும் பழையபடிதான் இருக்கும்.

முதலில் வேலையைப் பாருங்கள், பவர் சீட்டு பிறகு

கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் எழுதுங்கள்: கண்ணை நோக்கி எது வரும்? துகளா, தூசியா, ரசாயனத் துளியா, தீப்பொறியா, வெல்டிங் வெளிச்சமா? எங்கிருந்து, எவ்வளவு வேகத்தில்?

லேத், டிரில்லிங் வேலைக்குப் பக்க மறைப்புள்ள பாதுகாப்புக் கண்ணாடி போதும். கிரைண்டிங் கல் உடைந்து பறக்கக்கூடியது. அங்கே கண்ணாடியோடு முகக்கவசமும் வேண்டும். முகக்கவசம் மட்டும் போட்டால் தாடைப் பக்கத்திலிருந்து துகள் ஏறி வரும். ஆசிட், காரம், சாயத் தொட்டி வேலைக்குக் கண்ணாடி எவ்வளவு நல்லதானாலும் போதாது. முகத்தோடு ஒட்டி உட்காரும், காற்றுத் துளை நேராகத் திறக்காத காகிள்ஸ்தான் வேண்டும். சுத்தியலால் உளியை அடிப்பதை மட்டும் லேசாக எண்ணாதீர்கள். அடி வாங்கி ஓரம் விரிந்துபோன உளித்தலையிலிருந்து தெறிக்கும் சில்லு, கருவிழியைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலியும் பெரிதாக இருக்காது. உள்ளே தங்கிய இரும்போ நாளாக ஆக விழித்திரையைக் கெடுக்கும். அம்மி கொத்துபவருக்கும் கல்லில் சிலை செதுக்குபவருக்கும் இதே எச்சரிக்கைதான்.

வெல்டிங்கில் பலர் கவனிக்காத ஒரு நேரம் உண்டு. கவசத்தைத் தூக்கிவிட்டுக் கசடு தட்டுவார்கள். சில்லு தெறிப்பது அப்போதுதான். எனவே கவசத்துக்குள்ளே வெள்ளைப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். கறுப்புச் செறிவு எண் கவசத்தின் கண்ணாடிக்கு உரியது. ஆர்க் வெல்டிங்குக்கு மின்னோட்டத்தைப் பொறுத்துப் பெரும்பாலும் 10 முதல் 13 வரை வைப்பார்கள். பவர் கண்ணாடிக்குச் சாயம் ஏற்றி அதை வைத்தே வெல்டிங் செய்யலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

பவரை எப்படிச் சேர்ப்பது

முதல் வழி, பவர் கண்ணாடிக்கு மேலேயே போடும் அகலமான பாதுகாப்புக் கண்ணாடி. விலை குறைவு, உடனே கிடைக்கும். எப்போதாவது பட்டறைக்குள் வரும் மேற்பார்வையாளருக்கும், புதிதாகச் சேர்ந்தவருக்குத் தன் கண்ணாடி தயாராகும்வரையும் இது சரி. எட்டு மணி நேரம் போட்டால் மூக்கு வலிக்கும், இரண்டு அடுக்கிலும் ஆவி படியும். ஆள் அதைக் கழற்றி வைத்துவிடுவார். கழற்றிய கண்ணாடி யாரையும் காப்பாற்றாது.

அன்றாடம் துகள் பறக்கும் இடத்தில் நிற்பவருக்கு நான் சொல்வது இரண்டாவது வழி: பவர் போட்டே செய்த பாதுகாப்புக் கண்ணாடி. செலவு அதிகம், ஒரு வாரம் காத்திருக்க நேரலாம், ஆனாலும் இதுதான் முகத்தில் தங்கும். ரசாயன வேலைக்கு, காகிள்ஸுக்குள் பவர் லென்ஸைச் செருகும் சட்டம் உள்ள வகையைக் கேளுங்கள். கான்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொண்டு மேலே பவர் இல்லாத காகிள்ஸ் அணியலாம். கான்டாக்ட் லென்ஸ் தனியாக எந்தப் பாதுகாப்பும் தராது, தூசி மிகுந்த இடத்தில் உறுத்தவும் செய்யும்.

லென்ஸ்: பெயரோடு தடிமனையும் கேளுங்கள்

பாலிகார்பனேட் கேளுங்கள், அல்லது டிரைவெக்ஸ். இரண்டும் அடியைத் தாங்கும். டிரைவெக்ஸில் ஓரத்துப் பார்வை இன்னும் தெளிவு, விலை கூடுதல். அசிட்டோன், தின்னர் புழங்கும் இடத்தில் பாலிகார்பனேட் கெட்டுப்போகும் என்பதால் அங்கே டிரைவெக்ஸ் நல்லது. மெல்லிசாக இருக்கும் என்று சொல்லி 1.67, 1.74 லென்ஸைக் காட்டினால், அவை அழகுக்கு நல்லவை, அடி தாங்குவதில் பாலிகார்பனேட்டுக்கு ஈடில்லை.

கிட்டப்பார்வைக்காரர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். மைனஸ் லென்ஸ் நடுவில்தான் மெல்லியது. கடையில் அழகுக்காக நடுத் தடிமனை இன்னும் இழைத்துவிடுவார்கள். பலமான அடிக்கான அமெரிக்கத் தரப்படி பவர் லென்ஸ் மிக மெல்லிய இடத்திலும் 2 மி.மீ. இருக்க வேண்டும். ஆர்டர் சீட்டிலேயே இதை எழுதச் சொல்லுங்கள். கீறல் விழாத பூச்சு அவசியம், ஆவி படியாத பூச்சு நம் ஊர் வெக்கைக்கு உதவும். முகத்தைச் சுற்றி வளையும் பிரேம் மறைப்புக்கு நல்லதுதான், ஆனால் பவர் கூடக் கூட அதில் காட்சி வளைந்து தெரியும். அதிக பவர் உள்ளவர் தட்டையான பிரேமும் பக்க மறைப்பும் வாங்குவதே மேல்.

டேப்பை எடுத்துத் தூரத்தை அளங்கள்

நாற்பது வயதைத் தாண்டி வெள்ளெழுத்து வந்தவர்களுக்கு மிக முக்கியமான படி இது, அதிகம் தவறவிடுவதும் இதைத்தான். கண் பரிசோதனையில் கிட்டப் பார்வையைப் புத்தகம் படிக்கும் தூரத்துக்கு, சுமார் 40 செ.மீ.க்குத்தான் பார்ப்பார்கள். லேத்தில் நிற்பவரின் கண்ணிலிருந்து ஜாப் 55 அல்லது 60 செ.மீ. தள்ளி இருக்கலாம். வெர்னியர் பார்ப்பது ஒரு தூரம், பேனல் போர்டு பார்ப்பது வேறு தூரம். வழக்கமாக நிற்கும் நிலையில் நின்று, பக்கத்தில் ஒருவரை விட்டு ஒவ்வொன்றையும் அளக்கச் சொல்லி, அந்தத் தாளைப் பரிசோதகரிடம் கொடுங்கள். பார்ப்பது கீழேயா, நேரேயா, தலைக்கு மேலேயா என்பதையும் சொல்லுங்கள்.

பைஃபோக்கலில் கிட்டப் பார்வைக்கான பகுதி கீழே இருக்கும். மேலே பார்த்து வயரிங் செய்யும் எலக்ட்ரீஷியன் அதை வைத்துக்கொண்டு கழுத்தைப் பின்னால் ஒடிக்க வேண்டிவரும். அவருக்கு மேலேயும் கீழேயும் கிட்டப் பார்வைப் பகுதி வைத்த லென்ஸ் செய்ய முடியும். ஏணி, சாரம் ஏறுபவருக்கு எச்சரிக்கை: பைஃபோக்கல், புரோகிரசிவ் இரண்டிலும் குனிந்து பார்த்தால் காலடிப் படி மங்கும். உயரத்து வேலைக்குத் தூரப் பவர் மட்டும் போட்ட தனி ஜோடி வேண்டும்.

முத்திரையைத் தேடுங்கள்

“சேப்டி” என்று அட்டையில் அச்சடித்திருப்பது போதாது. முத்திரை லென்ஸிலும் பிரேமிலும் இருக்க வேண்டும். இந்தியத் தரம் ஐ.எஸ். 5983. அமெரிக்கத் தரத்தில் பலமான அடியைத் தாங்குவதற்கு ‘இசட்87+’, பவர் லென்ஸ் பொருத்தத் தேர்ச்சி பெற்ற பிரேமில் ‘இசட்87-2’. ஐரோப்பிய ஈ.என். 166 தரத்தில் ‘எஃப்’ எழுத்து இருந்தால் நொடிக்கு 45 மீட்டர் வேகத்தில் வரும் 6 மி.மீ. எஃகுக் குண்டைத் தாங்கியது என்று பொருள். ‘பி’ என்றால் நொடிக்கு 120 மீட்டர். அது காகிள்ஸுக்கும் முகக்கவசத்துக்கும்தான் கிடைக்கும். பாதுகாப்புப் பிரேமை மட்டும் வாங்கி அதில் சாதாரண லென்ஸைப் போட்டால் முத்திரை பயனற்றது.

ஒரு கண்ணில் மட்டும் பார்வை நன்றாக உள்ளவர் எந்த வேலைக்கும் இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

செலவும் பொருத்தமும்

துகளும் கடும் வெளிச்சமும் உள்ள வேலைக்குத் தடுப்போ தகுந்த காகிள்ஸோ தர வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 35-ஆவது பிரிவே முதலாளியின் கடமையாக எழுதியது. சின்னப் பட்டறைகளில் வாய்விட்டுக் கேட்டால்தான் கிடைக்கும், கேளுங்கள். பவர் போட்ட கண்ணாடி என்று சேர்த்துக் கேளுங்கள்.

கையில் வந்ததும் கடையிலேயே குனிந்து, நிமிர்ந்து, தலையை ஆட்டிப் பாருங்கள். புருவத்துக்கும் கன்னத்துக்கும் பெரிய இடைவெளி இருக்கக் கூடாது, காதுக்குப் பின்னால் அழுத்தக் கூடாது. காது அடைப்பானோ ஹெல்மெட்டோ போடுபவர் அதையும் எடுத்துப் போய் மாட்டிப் பாருங்கள். முதல் சில நாளில் தலைவலியோ தரை சரிவாகத் தெரிவதோ தொடர்ந்தால் திரும்பப் போய்க் கருவிழி இடைவெளி அளவைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

துடைக்கும் முன் தண்ணீரில் அலசுங்கள். இரும்புத் தூளோடு சட்டை நுனியில் தேய்த்தால் லென்ஸ் சீக்கிரமே கீறிப்போகும். நடுவில் கீறல் விழுந்து பார்வையை மறைத்தால் மாற்றுங்கள். பலமான அடி ஒருமுறை வாங்கியிருந்தால், விரிசல் தெரியாவிட்டாலும் மாற்றுங்கள். பவர் மாறிய பழைய ஜோடியை இன்னொருவருக்குக் கொடுக்காதீர்கள், அந்த லென்ஸ் உங்கள் கண்ணுக்கு அளந்தது.

இத்தனைக்கும் மீறிக் கண்ணில் ஏதாவது விழுந்தால் தேய்க்க வேண்டாம், துணி முனையாலோ குச்சியாலோ எடுக்க வேண்டாம். ரசாயனம் என்றால் அந்த இடத்திலேயே குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, பிறகு மருத்துவமனைக்குப் போங்கள். இரும்பு தெறித்தது என்றால் வலி இல்லாவிட்டாலும் அன்றே கண் மருத்துவரைப் பார்த்து, எந்த வேலையின்போது தெறித்தது என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். ஸ்கேன் எடுப்பதா, எந்த ஸ்கேன் கூடாது என்பதை அவர் அதை வைத்துத்தான் முடிவுசெய்வார்.