பழைய மடக்கு விசிறி: படத்தைக் கடைசியில் பாருங்கள்

பழைய ஐரோப்பிய மடக்கு விசிறி கைக்கு வந்தால் எவர் கண்ணும் முதலில் ஓவியத்துக்குத்தான் போகும். இடையனும் ஆடுகளும், பட்டுடுத்திய சீமாட்டிகளும் இருந்துவிட்டால் 18ஆம் நூற்றாண்டு என்று முடிவுகட்டிவிடுவோம். ஆனால் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அதே பாணி மறுபடி நாகரிகமாகி, பாரிஸ் பட்டறைகள் அப்படிப்பட்ட விசிறிகளை ஏராளமாகச் செய்து தள்ளின. வயதை அறிய ஓவியத்தை நம்பாதீர்கள். குச்சியிலிருந்தும் ரிவிட்டிலிருந்தும் தொடங்குங்கள்.

முதலில் திறக்கும் முறை. கையைக் கழுவித் துடைத்துவிட்டு, மேசையில் மெத்தென்ற துணி விரித்து, விசிறியை அதன்மேல் வைத்து ஒவ்வொரு மடிப்பாகப் பிரியுங்கள். தடுக்கும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியைச் சேர்ந்த பட்டு விசிறிகளில் கூடுதல் கவனம் வேண்டும். பட்டுக்கு எடை கூட்ட அப்போது வெள்ளீய உப்பை ஏற்றினார்கள். அந்த உப்பே நாளடைவில் இழையை நொறுக்கி, மடிப்புக் கோட்டோடு நெட்டுக்குக் கிழித்துவிடுகிறது. அந்தக் கிழிசலும் காலத்தைக் காட்டும் தடயம்தான்.

அடுத்தது, குச்சிகளைச் சேர்த்துப் பிடிக்கும் ரிவிட். குஞ்சம் மாட்டுவதற்கான உலோக வளையம் அதில் இருந்தால், விசிறி பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஆனால் பழைய விசிறிக்குப் பின்னாளில் ரிவிட் மாற்றியிருக்கலாம். துளையைச் சுற்றிக் கீறலோ விரிசலோ இருக்கிறதா என்று பாருங்கள்.

நேரம் செலவிட வேண்டிய இடம் குச்சிதான். நல்ல வெளிச்சத்தில் லென்ஸ் வைத்துப் பாருங்கள். தந்தத்தில் மெல்லிய ரேகைகள் ஒழுங்கில்லாமல் நெளிந்து ஓடும். எலும்பில் பொடிப்பொடியாகக் கரும்புள்ளிகளும் கீற்றுகளும் தெரியும். இரத்தநாளம் ஓடிய துளைகள் அவை. ரேகைகள் அச்சடித்ததுபோல் நேராக, சம இடைவெளியில் இருந்தால் அது செல்லுலாய்டு என்ற ஆரம்பகாலப் பிளாஸ்டிக்; 1870க்கு முற்பட்டதாக இருக்க வாய்ப்பில்லை. விரலால் சூடேறத் தேய்த்து முகர்ந்தால் கற்பூர வாசனை வரும். அதன் செய்பொருளில் கற்பூரமும் ஒன்று. ஊசியைப் பழுக்கக் காய்ச்சிக் குத்திப் பார்க்கச் சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்: தந்தம் என்றால் ஆறாத வடு, செல்லுலாய்டு என்றால் குப்பென்று தீப்பிடிக்கும். இன்னொன்று, இந்தியாவில் தந்த வியாபாரம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பழம்பொருள் என்று கடைக்காரர் சொன்னாலும் விலகி நில்லுங்கள்.

அளவும் உதவும். 1800–1820 வாக்கில் ஒரு சாணுக்கும் குறைவான சின்ன விசிறிகள் நாகரிகம். 1890களில் 35 செ.மீ. வரை நீண்டன.

இப்போது படத்துக்கு வரலாம். லென்ஸில் தூரிகைத் தீற்றல் தெரிகிறதா, அச்சின் புள்ளிகள் தெரிகின்றனவா? இங்கிலாந்தில் 1735இல் செதுக்கோவியங்களுக்குப் பதிப்புரிமைச் சட்டம் வந்தது. அதன் பிறகு அச்சிட்ட விசிறிகள் பலவற்றின் ஓரத்தில் வெளியிட்டவர் பெயரும் தேதியும் பொடி எழுத்தில் இருக்கும். படத்தின் மடிப்பும் குச்சியும் பொருந்தாமல், பழைய மடிப்புத் தடம் வேறிடத்தில் தெரிந்தால், வேறொரு விசிறியின் தாளை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள்.

சீனாவின் கான்டன் துறைமுகத்திலிருந்து 19ஆம் நூற்றாண்டில் மேற்கே போன விசிறிகளைப் படமே காட்டிக்கொடுக்கும். தாளில் கூட்டங்கூட்டமாக மனிதர்கள். முகம் ஒவ்வொன்றும் நகக்கண் அளவுகூட இல்லாத தந்தச் சில்லு, உடை வெட்டி ஒட்டிய பட்டு. விரலால் தடவாதீர்கள், முகங்கள் உதிர்ந்துவிடும்.

இரு ஓரத்திலும் இருக்கும் தடித்த காப்புக் குச்சியில் 'டுவெல்ராய்' போன்ற பெயர் இருந்தால் மகிழ்ச்சிதான். 1827இல் பாரிஸில் தொடங்கிய புகழ்பெற்ற நிறுவனம் அது. ஆனால் பெயர் மட்டும் போதாது. மேலே சொன்ன சோதனைகள் எல்லாவற்றுக்கும் விசிறி ஈடுகொடுக்க வேண்டும்.

பார்த்து முடித்ததும் பழைய மடிப்பிலேயே மூடி, அமிலமற்ற தாளில் தளர்வாகச் சுற்றி, வெயில் படாத பெட்டியில் வையுங்கள். கிழிசலில் செல்லோடேப் மட்டும் ஒட்டிவிடாதீர்கள். அதன் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிட்டால், தேர்ந்த பழுதுநீக்குநருக்கும் அதை எடுப்பது பெரும்பாடு.