தூரம் ஒன்று, நேரம் இரண்டு!



நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு விமானத்தில் சுமார் 7 மணி நேரம். அதே லண்டனிலிருந்து நியூயார்க் திரும்பச் சுமார் 8 மணி நேரம். தூரம் ஒன்றுதானே, பிறகு ஏன் இந்த வித்தியாசம்? நான் ஹாஸ்டலில் கேட்டபோது பலரும் சொன்ன பதில், "பூமி சுத்துதுல்ல, அதனாலதான்!" இது சரியா? நாம் படித்த கணக்கை வைத்தே பார்த்துவிடலாம்.

1. தூரம்

தட்டையான வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளந்தால் சரியாக வராது. உலக உருண்டையில் இரு ஊர்களுக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். அது கனடாவின் கிழக்குக் கரைப் பக்கமாக வடக்கே வளைந்து போகும். அதுதான் மிகக் குறுகிய வழி. இதைப் பெருவட்டப் பாதை என்பார்கள்.

நியூயார்க் விமான நிலையத்தின் அட்சரேகை 40.6°, லண்டனுடையது 51.5°, தீர்க்கரேகை வித்தியாசம் 73.3°.

கொசைன் (கோணம்) = சைன் 40.6° × சைன் 51.5° + கொசைன் 40.6° × கொசைன் 51.5° × கொசைன் 73.3° = 0.645

கோணம் 49.8°. ஒரு டிகிரிக்கு 111.2 கி.மீ. ஆகவே தூரம் ஏறத்தாழ 5,540 கி.மீ.

2. பூமி சுற்றுவதாலா?

இல்லை. காற்று மண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுற்றுகிறது. சீராக ஓடும் ரயிலுக்குள் பந்தை மேலே போட்டால் நம் கைக்கேதானே வந்து விழுகிறது!

உண்மையான காரணம் காற்று. விமானங்கள் பறக்கும் 10 கி.மீ. உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கே ஜெட் ஸ்ட்ரீம் என்ற பலத்த காற்று வீசுகிறது. ஆடிக் காற்றில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

2020 பிப்ரவரியில் ஒரு போயிங் 747 விமானம் இந்தக் காற்றின் உதவியால் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. தரையைப் பொறுத்து அதன் வேகம் மணிக்கு 1,300 கி.மீ.யைத் தாண்டியது. ஆனாலும் அது ஒலியை மிஞ்சவில்லை. ஏனென்றால், சுற்றியுள்ள காற்றைப் பொறுத்து அதன் வேகம் வழக்கமானதுதான்.

3. போக வரக் கணக்கு

விமான வேகம் 900, காற்று 100 என்று வைத்துக்கொள்வோம்.

கிழக்கே: 5,540 ÷ 1,000 = 5 மணி 32 நிமிடம்
மேற்கே: 5,540 ÷ 800 = 6 மணி 56 நிமிடம்
மொத்தம்: 12 மணி 28 நிமிடம்

காற்றே இல்லாவிட்டால்? 11,080 ÷ 900 = 12 மணி 19 நிமிடம்!

"போகும்போது கிடைச்ச லாபம் வரும்போது சரியாப் போயிடும்" என்றுதான் தோன்றும். ஆனால் 9 நிமிடம் நஷ்டம். எதிர்காற்றில் விமானம் அதிக நேரம் மாட்டிக்கொள்கிறதே! எனவே 1,000, 800 இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி 900 என்று எழுதினால் மார்க் போச்சு. மொத்த தூரத்தை மொத்த நேரத்தால் வகுத்தால் வருவது சுமார் 889 தான்.

தரையில் ஊர்வது, ஏறுவது, இறங்குவது எல்லாம் சேரும்போதுதான் முதலில் சொன்ன 7, 8 மணி நேரம் வருகிறது.

4. டிக்கெட்டைப் பார்க்கும்போது

டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரம்தான் போட்டிருக்கும். இரவு 8க்குப் புறப்பட்டு காலை 8க்கு லண்டன் என்றால் 12 மணி நேரப் பயணம் அல்ல. லண்டன் கடிகாரம் பெரும்பாலும் 5 மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அதைக் கழித்தால் 7 மணி நேரம்.

இனி யாராவது வேகம் என்று சொன்னால், "எதைப் பொறுத்து?" என்று கேளுங்கள் நண்பர்களே. பாதிக் கணக்கு அங்கேயே முடிந்துவிடும்!