ஒளியைத் தப்பவிடாத டிடெக்டர்: கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

வீட்டில் ஃபைபர் இன்டர்நெட் இணைப்பு வைத்திருக்கிறீர்களா? அந்தக் கண்ணாடி இழை வழியாக வருவது மின்சாரம் அல்ல, ஒளி. கம்ப்யூட்டருக்கோ மின்சாரம்தான் புரியும். ஒளியை மின்சாரமாக மாற்றித் தரும் உறுப்புக்கு போட்டோ டிடெக்டர் என்று பெயர். உங்கள் ஆப்டிகல் மவுஸிலும் டிவிடி டிரைவிலும்கூட இது உண்டு.

இதில் வேகமும் வேண்டும், திறனும் வேண்டும் என்றால் என்ன செய்வது? அதற்கான ஒரு வழியை இப்போது பார்ப்போம்.

பிரச்சினை என்ன?

டிடெக்டருக்குள் இருக்கும் செமிகண்டக்டர் படலம் ஒளித்துகளை உறிஞ்சி எலெக்ட்ரானை விடுவிக்கிறது. 100 ஒளித்துகள்கள் விழுந்து 60 எலெக்ட்ரான்கள் கிடைத்தால் அதன் திறன் 60 சதவீதம்.

850 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியை எடுத்துக்கொள்வோம். இது சிலிக்கானுக்குள் ஆழமாக ஊடுருவும். உள்ளே நுழைந்த ஒளியில் 63 சதவீதத்தைப் பிடிக்கவே சுமார் 18 மைக்ரான் தடிமன் தேவை. அவ்வளவு தூரத்தைக் கடக்க எலெக்ட்ரானுக்கு ஏறத்தாழ 180 பிக்கோ செகண்ட் ஆகும். ஆனால் வினாடிக்கு 10 கிகாபிட் வேகத்தில் ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் நேரம் 100 பிக்கோ செகண்ட்தான். முதல் பிட் வந்து சேர்வதற்குள் அடுத்த பிட் புறப்பட்டுவிடும், தகவல் குழம்பிவிடும்.

சரி, படலத்தை 2 மைக்ரானாகக் குறைத்தால்? 20 பிக்கோ செகண்டில் வேலை முடிந்துவிடும். ஆனால் பிடிபடும் ஒளி 10 சதவீதம் மட்டுமே. மீதி 90 சதவீதம் வீண்.

இரண்டு கண்ணாடிகள்

மெல்லிய படலத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் முன்னும் பின்னும் ஒரு கண்ணாடியை அமைக்கிறார்கள். உள்ளே நுழைந்த ஒளி இரண்டுக்கும் நடுவே பலமுறை போய்த் திரும்பும். ஒவ்வொரு முறையும் படலம் கொஞ்சம் உறிஞ்சும். 1890-களின் இறுதியில் பிரான்ஸ் நாட்டின் ஃபேப்ரி, பெரோ ஆகியோர் ஒளியை அளக்க உருவாக்கிய கண்ணாடி அமைப்புதான் இதற்கு அடிப்படை.

கண்ணாடிகளின் இடைவெளியைத் துல்லியமாக அமைக்க வேண்டும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால்தானே உயரே போகும்? அதுபோல, திரும்பி வரும் அலையும் புதிதாக நுழையும் அலையும் ஒத்துப்போனால்தான் உள்ளே ஒளி பெருகும். இதுவே ரெசொனன்ஸ்.

இவை நாம் முகம் பார்க்கும் கண்ணாடிகள் அல்ல. இரண்டு வகைப் பொருள்களை, கால் அலைநீளத் தடிமனில் மாற்றி மாற்றி அடுக்கிச் செய்பவை. அடுக்குகள் கூடினால் பிரதிபலிப்பும் கூடும்.

நீங்களே கணக்கிடுங்கள்

இரண்டு கண்ணாடிகளுமே மிகச் சிறந்தவையாக இருந்தால் நல்லது என்று தோன்றும். அது சரிதானா? எக்செல்லைத் திறந்து சோதித்துப் பாருங்கள். படலம் ஒரு முறைக்கு 10 சதவீதம் உறிஞ்சுகிறது, பின் கண்ணாடி முழுவதையும் திருப்பி அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். முன் கண்ணாடியின் பிரதிபலிப்பை 'மு' என்று அழைப்போம்.

திறன் = 0.19 × (1 − மு) ÷ (1 − 0.9 × √மு)²

'மு'வுக்கு வெவ்வேறு மதிப்புகள் கொடுத்தால் வரும் விடைகள் இவை:

மு = 0 என்றால் 19 சதவீதம்
மு = 0.50 என்றால் 72 சதவீதம்
மு = 0.81 என்றால் 100 சதவீதம்
மு = 0.90 என்றால் 89 சதவீதம்
மு = 0.99 என்றால் 17 சதவீதம்

கடைசி வரியைக் கவனியுங்கள். முன் கண்ணாடி மிகவும் நன்றாக இருந்தால் ஒளி வாசலிலேயே திரும்பிவிடுகிறது! 0.81-ல் மட்டும் ஏன் முழுப் பலன்? முன் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் அலையும், உள்ளிருந்து கசியும் அலையும் அங்கே சம வலுவோடு எதிரெதிராக அமைந்து ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. வெளியே போக வழியில்லாத ஒளி முழுவதும் படலத்துக்கே போய்ச் சேர்கிறது. நடைமுறையில் பின் கண்ணாடி 99 சதவீதம்தான் என்றாலும், முன் கண்ணாடியை அதற்கேற்ப அமைத்தால் 95 சதவீதம் வரை கிடைக்கும்.

குறை இல்லையா?

உண்டு. இது குறிப்பிட்ட அலைநீளத்துக்கு மட்டுமே வேலை செய்யும். இடைவெளி 1 சதவீதம் பிசகினால் 850 நானோமீட்டருக்கு அமைத்தது சுமார் 8 நானோமீட்டர் தள்ளிப் போய்விடும். எல்லா நிறங்களும் தேவைப்படும் கேமராவுக்கு இது உதவாது. ஆனால் லேசர் ஒரே நிறத்தில் வருவதால் அங்கே இது பொருத்தமானது.

வீட்டு இணைப்புக்குச் சாதாரண டிடெக்டரே போதும். ஒவ்வொரு ஒளித்துகளும் முக்கியமான இடத்தில்தான் இந்த உத்தி தேவைப்படுகிறது. 2013-ல் அமெரிக்காவின் நிஸ்ட், ஜேபிஎல் ஆய்வாளர்கள், சில நானோமீட்டர் தடிமனே உள்ள மீகடத்திக் கம்பியை இப்படிப்பட்ட ஒளி அடுக்குக்குள் வைத்து 93 சதவீதத் திறனை எட்டினார்கள். 2023 டிசம்பரில் நாசாவின் சைக்கி விண்கலம் சுமார் 3.1 கோடி கிலோமீட்டர் தொலைவிலிருந்து ஒரு பூனை வீடியோவை லேசரில் அனுப்பியது. வேகம் வினாடிக்கு 267 மெகாபிட். கலிபோர்னியாவின் பாலோமர் தொலைநோக்கியில் அந்த மங்கிய ஒளியைப் பிடித்ததும் மீகடத்திக் கம்பி டிடெக்டர்தான்.

உங்களுக்கு ஒரு பயிற்சி: படலம் 20 சதவீதம் உறிஞ்சினால் முன் கண்ணாடி எவ்வளவு இருக்க வேண்டும்? மேலே 0.81 என்பது 0.9 × 0.9. அதே வழியில் 0.8 × 0.8, அதாவது 64 சதவீதம். வாய்பாட்டில் 0.19-க்குப் பதில் 0.36, 0.9-க்குப் பதில் 0.8 போட்டுச் சரிபாருங்கள்.