வீட்டிலேயே ஒரு விடுமுறைப் படம்

விடுமுறை வந்தால் கைபேசியில் படம் பிடிக்காதவர்கள் இன்று அரிது. மாமல்லபுரத்து அலைகளையும் திருமணப் பந்தியையும் யாரும் படமாக்கலாம். வெறுங்கண்ணால் காணவே முடியாத ஓர் அசைவை, வீட்டிலுள்ள எல்லாருமாகச் சேர்ந்து படமாக்க முடியுமா? முடியும். செலவும் அதிகமில்லை.

தொட்டியில் ஒரு பட்டாணி

இந்தியாவின் முதல் முழுநீளக் கதைப்படம் எனப் போற்றப்படும் ‘ராஜா ஹரிச்சந்திரா’ 1913இல் வெளிவந்தது. அதை எடுத்தவர் தாதாசாகேப் பால்கே. 1912இல் லண்டன் சென்று கேமரா வாங்கி வந்த அவர், முதலில் ஒரு பட்டாணிச் செடியையே படமாக்கினார். தொட்டியில் விதை முளைத்து வளர்வதை, இடைவெளி விட்டுவிட்டுப் பல நாட்கள் எடுத்தார். பண உதவி செய்யத் தயங்கியோரை இந்தச் சிறு படத்தைக் காட்டியே நம்பவைத்தார். மனைவி சரஸ்வதிபாய் பிலிமின் ஓரத்தில் துளையிடும் வேலையைக் கற்றுக்கொண்டார். மகன் பாலசந்திரா பிறகு அரிச்சந்திரனின் மகனாக நடித்தான். நம் நாட்டுத் திரைப்படக் கலை ஒரு குடும்பத்தின் வீட்டு வேலையாகவே தொடங்கியது எனலாம்.

அசைவது எங்கே?

திரைப்படத்தில் அசைவு என்பதே கிடையாது. அசையாத படங்கள் அடுத்தடுத்து விரைவாகக் காட்டப்படுகின்றன. பேசாப் படக் காலத்தில் நொடிக்கு ஏறத்தாழ 16 படங்கள் ஓடின. ‘விழித்திரையில் பிம்பம் சற்று நேரம் தங்குவதால் அசைவு தெரிகிறது’ என்று பழைய பாடநூல்கள் கூறின. அது பாதி விளக்கமே. பிம்பம் தங்குவது, படங்களுக்கு இடையிலுள்ள இருளை மறைக்கிறது. அசைவை உண்டாக்குவது மூளை. இதனை ஆராய்ந்து மாக்ஸ் வெர்த்தைமர் என்ற அறிஞர் கட்டுரை வெளியிட்டதும் அதே 1912இல்தான்.

முதலில் கணக்கு

பச்சைப்பயறு முளைத்துத் தளிர்விட ஏறத்தாழ 4 நாட்கள், அதாவது 96 மணி, ஆகும். அதை 9 நொடிப் படமாகச் சுருக்குவோம். நொடிக்கு 16 வீதம், வேண்டிய படங்கள் 9 × 16 = 144. 96 மணி என்பது 5,760 நிமிடங்கள். அதை 144ஆல் வகுத்தால் 40. ஆகவே 40 நிமிடத்திற்கு ஒரு படம். காலம் இங்கே 38,400 மடங்கு விரைவாக ஓடுகிறது!

செய்முறை

கண்ணாடித் தம்ளரில் ஈரப் பஞ்சை அடைத்து, ஊறவைத்த பயற்றைக் கண்ணாடியை ஒட்டி வையுங்கள். தம்ளரைப் பெரிய அட்டைப்பெட்டிக்குள் வைத்து, மேலே ஒரு சிறு எல்.இ.டி. விளக்கு அமையுங்கள். சன்னல் வெளிச்சம் மணிக்கு மணி மாறும், பெட்டிக்குள் மாறாது. கைபேசியை இரு செங்கற்களுக்கு நடுவே அசையாமல் நிறுத்தி, குவியத்தையும் ஒளி அளவையும் மாறாதபடி அமைத்துவிடுங்கள்.

அசையாமை ஏன் இவ்வளவு முக்கியம்? கைபேசி ஒரே ஒரு பாகை திரும்பினாலும், 20 செ.மீ. தொலைவில் காட்சி சுமார் 3.5 மி.மீ. நகர்ந்துவிடும். பயற்றின் தண்டே அவ்வளவு தடிமன் இராது! எனவே திரையைத் தொடாமல், இயர்போன் பொத்தானை அழுத்திப் படம் எடுங்கள். பல கைபேசிகளில் இது இயலும்.

எங்கள் வீட்டில் நடந்தது

வானகரத்தில் எங்கள் வீட்டில் சென்ற கோடை விடுமுறையில் இதைச் செய்தோம். முதல் முயற்சி தோற்றது. இரண்டாம் நாள் தண்ணீர் ஊற்றப்போன நானே தம்ளரை இடித்துவிட்டேன். படத்தில் பயறு தவளைபோல் தாவியது! மறுபடி தொடங்கினோம். இம்முறை தம்ளரின் அடியைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, இங்க் ஃபில்லரால் நீர் விட்டோம்.

பகலில் பிள்ளைகள் முறை வைத்துக்கொண்டனர். இரவுக்கு யார்? என் தாயாருக்கு எழுபது வயதுக்கு மேல், உறக்கம் குறைவு. “ரெண்டு மணிக்கு முழிச்சிக்கிட்டுதானே கெடக்குறேன், நான் அமுக்குறேன்” என்றார். இரவுக்குப் பத்துப் படம் வீதம் நான்கு இரவும் எடுத்தது அவர்தான்.

படங்களைக் கைபேசிச் செயலியில் கோத்து ஓடவிட்டோம். வேர் கீழே இறங்கியது. வளைந்த தண்டு பஞ்சைத் தள்ளிக்கொண்டு, ஆடி ஆடி, நிமிர்ந்தது. “பாவம், எவ்ளோ பாடுபடுது!” என்றார் தாயார். அத்தனை நாளும் அருகிலேயே இருந்தும் அந்தப் பாடு எவர் கண்ணுக்கும் தெரியவில்லை.

நடுவே ஏதோ ஒன்று பளிச்சிட்டு மறைந்தது. நிறுத்திப் பார்த்தோம். ஒரு படத்தில் தாயாரின் கையும் வளையலும் விழுந்திருந்தன. அழித்துவிடலாமா என்று மகள் கேட்டாள். வேண்டாம் என்றேன். 16இல் ஒரு பங்கு நொடிதான். ஆனாலும் இப்போது படம் ஓடும்போதெல்லாம், “அதோ, ஆயா கை!” என்று பிள்ளைகள் கூவிவிடுகிறார்கள்.

நீங்களும் செய்யுங்கள்

1. விளக்கை மேலே வைக்காமல் பக்கவாட்டில் வைத்தால் தளிர் எந்தப் பக்கம் செல்லும்?

2. 15 நாளில் மலரும் ஒரு செடியை 20 நொடிப் படமாக்க, எத்தனை நிமிடத்திற்கு ஒரு படம் எடுக்க வேண்டும்?
(விடை: 67½ நிமிடம்)