பாலாற்றின் பங்கு

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. சீனத்து மஞ்சள் ஆற்றைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, "நம்ம பாலாத்துல தண்ணியே ஓடலையே, அதையும் ஏன் ஆறுன்னு சொல்றோம்?" என்று ஒரு பிள்ளை கேட்டதாக எழுதியிருந்தீர்கள். செங்கல்பட்டில் ஒரு பிள்ளைக்கு இந்தச் சந்தேகம் வருவது நியாயம்தான். வேலூரிலும் வாலாஜாவிலும் இதே கேள்வி எழுந்திருக்கும். அதனால் எல்லோரும் படிக்கும்படியாகவே பதில் எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பிள்ளையிடம் சொல்லுங்கள்: மஞ்சள் ஆறும் வறண்டிருக்கிறது. திபெத்தியப் பீடபூமியில் பாயன் ஹார் மலையில் பிறந்து 5,464 கி.மீ. ஓடும் ஆறு அது. சீன நாகரிகமே அதன் கரையில் பிறந்தது என்று அந்நாட்டவர் பெருமை பேசும் ஆறு. 1972 முதல் அதன் கடைப்பகுதி அடிக்கடி காயத் தொடங்கியது. 1997இல் 226 நாட்கள் அதன் தண்ணீர் கடலைத் தொடவே இல்லை. மேலே இருந்த மாகாணங்கள் ஆளுக்கொரு பக்கம் எடுத்துக்கொண்டதுதான் காரணம். இந்தக் கதையை நாம் எங்கோ கேட்டிருக்கிறோம் அல்லவா?

பாலாறு நந்தி மலைப் பகுதியில் பிறந்து கர்நாடகத்தில் 93, ஆந்திரத்தில் 33, தமிழ்நாட்டில் 222 என மொத்தம் 348 கி.மீ. வந்து, கல்பாக்கத்துக்குத் தெற்கே வாயலூர் அருகே கடலில் சேர்கிறது. ஆனால் இதைக் காவிரியைப் பார்க்கும் கண்ணோடு பார்க்கக் கூடாது. பாலாற்றின் உயிர் மணலுக்கு அடியில் இருக்கிறது. மழைக்காலத்து வெள்ளம் வடிந்த பிறகும், பருமணலின் இடுக்குகளில் தண்ணீர் தங்கி, வெயில் படாமல், மெல்லக் கிழக்கே நகரும். கரையோர விவசாயிகள் ஆற்றுப் படுகையிலிருந்து ஊற்றுக்கால் வெட்டி, அந்த நீரை ஏரிக்கும் வயலுக்கும் கொண்டுபோனார்கள். தாம்பரம், பல்லாவரம் பக்கத்து வீடுகளுக்கும், கல்பாக்கம் அணுசக்தி வளாகத்துக்கும் இந்தப் படுகைக் கிணறுகளிலிருந்துதான் தண்ணீர் போயிருக்கிறது. ஓடாத ஆறு என்று நாம் சொல்லிக்கொண்டிருந்த காலமெல்லாம் அது நமக்குக் குடிக்கக் கொடுத்துக்கொண்டே இருந்தது.

இது சாமிக்கும் தெரியும் என்றுதான் சொல்ல வேண்டும். சித்ரா பௌர்ணமிக்கு ஐயங்கார்குளத்து நடவாவிக் கிணற்றுக்கு எழுந்தருளும் காஞ்சி வரதர், அங்கிருந்து பாலாற்றில் இறங்குவார். மணலில் பள்ளம் தோண்டி, பந்தல் போட்டு, அதற்குள் பெருமாளை எழுந்தருளச் செய்து திருமஞ்சனம் நடக்கும். அதற்கு ஊறல் உற்சவம் என்றே பெயர். கோடையில், நிலா வெளிச்சத்தில், தோண்டிய இடத்தில் ஊறும் தண்ணீரைக் கொண்டாடிய திருவிழா அது. இந்த ஆற்றின் குணத்தை இதைவிடத் தெளிவாக எந்தப் புவியியல் புத்தகமும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

உங்கள் ஊரிலிருந்து காஞ்சிபுரம் போகும் வழியில் பழையசீவரம் இருக்கிறது. எதிர்க்கரையில் திருமுக்கூடல். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடம். அங்குள்ள அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழனின் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. வேதம் படித்த மாணவர்களுக்காகவும் கோயில் பணியாளர்களுக்காகவும் அங்கே ஒரு ஆதுலர் சாலை நடந்திருக்கிறது, அதாவது மருத்துவமனை. நோயாளிகள் 15 பேர் படுக்க இடம். ஒரு வைத்தியர், அறுவை சிகிச்சைக்கு ஒருவர், மூலிகை பறித்து வர ஆட்கள், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள், ஒரு நாவிதர், தண்ணீர் கொண்டுவர ஒருவர் என அவரவர் கூலியோடு கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். இருப்பில் இருக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலும் உண்டு. சீனத்து ஆற்றங்கரையில் நாகரிகம் பிறந்ததைப் பாடமாக நடத்தும் அதே மணி நேரத்தில் இந்தச் சுவரையும் நடத்தலாம்.

இடம் மாறும் பழக்கத்திலும் இரண்டும் உறவுதான். மஞ்சள் ஆறு 1855இல் தன் வாயையே ஷாந்தோங் தீபகற்பத்தின் தெற்கிலிருந்து வடக்குக்கு மாற்றிக்கொண்டது. பாலாறும் முன்பு வடக்கே, இன்றைய கொசஸ்தலையாற்றுப் பாதையில் ஓடியதாகப் புவியியலாளர்கள் கருதுகிறார்கள். ஓடும் ஆற்றைக் கல்லில் நிறுத்தியவர்களும் நம்மிடம் உண்டு: காஞ்சியிலிருந்து ஆண்ட பல்லவர்கள் மாமல்லபுரத்தில் பாறைப் பிளவையே ஆறாக்கி, நாகர்களை நீந்தவிட்டு, மேலே தொட்டி கட்டித் தண்ணீர் விட்டார்கள். கரையில் ஒருவர் துணியைப் பிழிகிறார், இன்னொருவர் குடம் சுமக்கிறார். 2019 அக்டோபரில் சீன அதிபர் ஷி ஜின்பிங் அந்தப் பாறையின் முன்தான் நின்றார். தெற்கே சில மைல் தள்ளி உண்மையான ஆற்றின் வாய் இருப்பதை யாராவது அவருக்குச் சொன்னார்களா என்று எனக்கு இன்னமும் ஆதங்கம்.

ஏனென்றால் அவரிடமிருந்து கேட்டுக்கொள்ள நமக்கு ஒரு விஷயம் இருந்தது. 1987இல் சீன அரசு மஞ்சள் ஆற்று நீரைப் பங்கு பிரித்தது. ஆண்டுக்குச் சராசரி 5,800 கோடி கன மீட்டர் என்று கணக்கிட்டு, மாகாணங்களுக்கு 3,700 கோடி கொடுத்தார்கள். மீதி 2,100 கோடி ஆற்றுக்கே, வண்டலைக் கடலுக்குத் தள்ளிக்கொண்டு போவதற்கு. காகிதத்தில் எழுதியதும் ஆறு பிழைத்துவிடவில்லை. பத்து ஆண்டுகள் கழித்துத்தான் அந்த 226 நாட்கள். 1999இல் ஒரே அமைப்பின் கையில் மதகுகளைக் கொடுத்து, யார் எப்போது எவ்வளவு எடுக்கலாம் என்பதைக் கண்டிப்பாக நடத்திய பிறகு ஆறு வறண்டு நிற்கவில்லை.

நம்மிடம் இருப்பது மைசூரும் சென்னை மாகாணமும் 1892இல் போட்ட ஒப்பந்தம். இன்று ஆந்திரத்தில் பாலாறு ஓடும் குப்பம் பகுதி அன்று சென்னை மாகாணத்துக்குள்தான் இருந்தது. இன்று மூன்று மாநிலங்கள், மேலே தடுப்பணைகள், நீதிமன்றத்தில் வழக்கு. அண்டை மாநிலத்தைக் குறை சொல்வது எளிது, ஓரளவு உண்மையும்கூட. ஆனால் வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் தோல் கழிவை ஆற்றில் விட்டது யார்? 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு அது போனது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் படுகையில் மணலை லாரி லாரியாக அள்ளியது யார்? தண்ணீரைத் தாங்கும் மணல் போனால் மழை பெய்தும் பயனில்லை. 2021 நவம்பரில் கரை கொள்ளாமல் வந்த வெள்ளத்தில் எவ்வளவைப் படுகை பிடித்து வைத்துக்கொண்டிருக்க முடியும்! வாயலூரில் தடுப்பணை கட்டியிருக்கிறார்கள், கடல்நீர் உள்ளே ஏறாமல் இருக்க. நல்லதுதான். ஆனால் பாலாற்றுக்கென்று ஒரு பங்கை இன்றுவரை யாரும் எழுதி வைக்கவில்லை. என் கோரிக்கை அது ஒன்றுதான்: நீரில் ஆற்றுக்கு ஒரு பங்கு, மணலிலும் ஆற்றுக்கு ஒரு பங்கு.

பொங்கலுக்கு மறுநாள் பார்வேட்டை உற்சவத்துக்கு வரதர் பழையசீவரம் வந்து, ஆற்றைக் கடந்து திருமுக்கூடல் போவார். சுற்று வட்டாரப் பெருமாள்களும் அங்கே வந்து கூடுவார்கள். பிள்ளைகளை அன்று அழைத்துப் போங்கள். கரையில் இருக்கும் பெரியவர்களிடம், உங்கள் சின்ன வயதில் எத்தனை முழம் தோண்டினால் தண்ணீர் வந்தது, இப்போது எத்தனை என்று கேட்டு நோட்டில் எழுதிவரச் சொல்லுங்கள். எழுதியதை எனக்கும் அனுப்புங்கள். மணல் அள்ளிய பள்ளங்கள் மேலே தெரியாது, ஆழமாக இருக்கும். பிள்ளைகளைத் தனியாக இறங்க விடாதீர்கள்.

அன்புடன்.