வானில் பறப்போருக்கு ஒரு மருத்துவர்

மருத்துவர் என்றவுடன் நோயாளிதான் நம் நினைவுக்கு வருகிறார். ஆனால், நோயே இல்லாதவர்களைக் கவனிப்பதற்கென்றும் ஒரு மருத்துவம் உண்டு. அதுவே விமான, விண்வெளி மருத்துவம். இங்கே மனிதர் நலமாக இருக்கிறார். அவர் போகும் இடம்தான் மனிதர் வாழ ஏற்றதாக இல்லை. நிலத்தில் வாழ இறைவன் படைத்த உடலை வானத்துக்குக் கொண்டுபோய், மறுபடியும் பத்திரமாக இறக்குவது எப்படி என்பதே இத்துறையின் கேள்வி. இத்துறையில் தேர்ந்து, இந்திய விமானப்படையின் முதல் பெண் ஏர் மார்ஷலாக உயர்ந்தவர், தமிழ்க் குடும்பத்தில் பிறந்த டாக்டர் பத்மாவதி பந்தோபாத்யாய். அவருடைய வாழ்க்கையைப் பார்க்குமுன், அவர் கற்ற கலையைச் சிறிது அறிந்துகொள்வோம்.

நிமிர்த்தி வைத்த சாலை

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு ஏறத்தாழ 45 கிலோமீட்டர். அந்தச் சாலையை அப்படியே தூக்கி வானத்தை நோக்கி நிறுத்தியதாகக் கற்பனை செய்வோம். புறப்பட்ட ஐந்தரைக் கிலோமீட்டரிலேயே காற்றழுத்தம் நம் கடற்கரையில் இருப்பதில் பாதியாகிவிடும். ஒன்பதாவது கிலோமீட்டரை எட்டும் முன் எவரெஸ்ட் சிகரத்தின் உயரம். அங்கே மூன்றில் ஒரு பங்குதான். 19 கிலோமீட்டரில், பாதி வழிகூட ஆகாத நிலையில், நம் உடல் வெப்பத்திலேயே தண்ணீர் கொதிக்கத் தொடங்கும். சிதம்பரம் சேரும்போது காற்றழுத்தம் ஆயிரத்தில் ஓரிரு பங்குதான் எஞ்சியிருக்கும்.

மேலே போகப் போகக் காற்றில் பிராணவாயுவின் விகிதம் குறைகிறது என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. எவரெஸ்ட் உச்சியிலும் காற்றில் 21 சதவிகிதம் பிராணவாயுதான். குறைவது அழுத்தம். அழுத்தம் குறைந்தால், பிராணவாயு நுரையீரலிலிருந்து இரத்தத்துக்குப் போதிய அளவு செல்வதில்லை. இதில் பெரிய ஆபத்து என்னவென்றால், வலியே தெரியாது. மூளை மெல்ல மங்கும்போது சிலருக்கு மகிழ்ச்சிகூடத் தோன்றும். 'எனக்கு ஒன்றுமில்லை' என்பார்கள். ஆகவே விமானிகளைத் தரையிலேயே காற்றழுத்தம் குறைத்த அறையில் அமர்த்தி, தம் உடல் காட்டும் முதல் அறிகுறிகளைக் கண்டுகொள்ளப் பழக்குகிறார்கள். பெங்களூரில் 1957-இல் தொடங்கப்பட்ட விமானப்படையின் மருத்துவ நிறுவனம் இத்தகைய பயிற்சிக்கும் ஆராய்ச்சிக்கும் பெயர் பெற்றது.

இன்னொரு சோதனை வேகத் திருப்பம். பேருந்து வளைவில் திரும்பும்போது நாம் ஒரு பக்கமாகச் சாய்கிறோம் அல்லவா? போர் விமானம் திரும்பும்போது அந்த விசை பல மடங்கு. ஐந்து மடங்கு விசையில், 50 கிலோ எடையுள்ளவர் 250 கிலோ போலக் கனப்பார். இரத்தம் தலையை விட்டுக் கால்களுக்கு இறங்கும். முதலில் நிறங்கள் மங்கும், பிறகு கண் இருளும், அதன்பின் நினைவு தப்பும். இதைத் தடுக்க விமானிகள் அணியும் தனி உடை, கால்களையும் வயிற்றையும் காற்றால் இறுக்கி இரத்தம் கீழே தேங்காமல் காக்கிறது.

தட்டாமாலை சுற்றி நின்றபின் உலகமே சுழல்வது போலத் தோன்றுவதை நாம் அறிவோம். உட்காதில் உள்ள நீர் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதே காரணம். மேகத்துக்குள் பறக்கும் விமானிக்கும் இதே மயக்கம் வரும். அப்போது அவர் தம் உணர்வை நம்பாமல் கருவிகளை நம்ப வேண்டும்.

பத்மாவதியின் பயணம்

பத்மாவதி சுவாமிநாதன் 1944-இல் திருப்பதியில் பிறந்து டில்லியில் வளர்ந்தார். அவர் சிறுமியாக இருந்தபோதே தாயார் முதுகெலும்புக் காசநோயால் படுக்கையில் விழுந்தார். தாயைக் கவனிக்கும் பொறுப்பு அந்தச் சிறு கைகளுக்கு வந்தது. எதிர்வீட்டில் இருந்தவரோ பிற்காலத்தில் புகழ்பெற்ற இதய மருத்துவரான டாக்டர் எஸ். பத்மாவதி. தன் பெயரையே தாங்கிய ஒரு பெண் மருத்துவராக விளங்குவதைக் கண்ட சிறுமியின் மனத்தில் ஆசை வேர்விட்டது.

டில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியில் அவர் படித்தது கலைப்பாடங்கள். கல்லூரியில் அறிவியலுக்கு மாறி, பின்னர் பூனாவிலுள்ள இராணுவ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1968-இல் விமானப்படையில் அதிகாரியானார். 1971 போரின்போது ஆற்றிய பணிக்காக விசிஷ்ட சேவா பதக்கம் பெற்றார். விமானப்படை அதிகாரியான அவர் கணவரும் அதே விழாவில் அதே பதக்கத்தைப் பெற்றார். 1978-இல் நம் நீலகிரி மாவட்டத்து வெலிங்டனில் உள்ள பாதுகாப்புப் படைக் கல்லூரியின் பயிற்சியை முடித்த முதல் பெண் அதிகாரி இவரே. கடுங்குளிரில் மனித உடல் எவ்வாறு பழகுகிறது என்பதை அறிய வட துருவப் பகுதிக்கும் சென்று ஆராய்ச்சி செய்தார். 2002-இல் ஏர் வைஸ் மார்ஷல், 2004-இல் ஏர் மார்ஷல் என உயர்ந்து, விமானப்படை மருத்துவப் பணிகளின் தலைமை இயக்குநராகப் பணியாற்றினார். 2020-இல் நாடு அவருக்குப் பத்மஸ்ரீ விருதளித்தது.

உண்மை சொல்லும் துணிவு

இத்துறையில் கடினமான வேலை எது தெரியுமா? 'இன்று நீங்கள் பறக்கக் கூடாது' என்று சொல்வதுதான். சாதாரணச் சளி போதும். காதின் உட்குழாய் அடைபட்டு, விமானம் இறங்கும்போது செவிப்பறை கிழியக்கூடும். பறப்பதையே உயிராக எண்ணும் விமானிக்கு அதை மறைக்கத் தோன்றும். பதவியைப் பார்த்தும் முகத்தைப் பார்த்தும் மருத்துவர் வளைந்துகொடுத்தால் ஓர் உயிர் போகலாம். விமானியும் மருத்துவரை நம்பி உண்மையைச் சொல்ல வேண்டும். விமானிகளின் பாதுகாவலியாக 1920-இல் திருச்சபை அறிவித்த லொரேத்தோ அன்னையிடம் வேண்டிக்கொண்டு புறப்படுகிறவரும், மருத்துவரிடம் சளியை மறைக்கலாகாது. செபமும் உண்மையும் சேர்ந்தே செல்ல வேண்டும்.

மாணவியரே, காய்ச்சலையும் தலைச்சுற்றலையும் தேர்வுக்குப் பயந்து மறைக்கும் வழக்கம் நம்மிடமும் உண்டு. அதை விட்டுவிடுவோம். இராணுவ மருத்துவக் கல்லூரியின் கதவு பெண்களுக்கும் திறந்தே இருக்கிறது; நீட் தேர்வு எழுதி அதற்கு முயலலாம்.

பெற்றோருக்கும் ஒரு சொல். தாய் நோயுற்றால் மூத்த மகளின் பள்ளிப்படிப்பு நின்றுவிடும் வீடுகள் நம் ஊர்ப்பக்கத்திலும் உள்ளன. பத்மாவதியின் வீட்டில் தாயும் கவனிக்கப்பட்டார், மகளின் படிப்பும் நிற்கவில்லை. நோயுற்ற தாய்க்கு நீர் கொடுத்த கைகள் புத்தகத்தையும் பிடித்திருந்ததால்தான், பிற்காலத்தில் ஒரு நாட்டின் விமானிகளைக் காக்கும் பொறுப்பை ஏற்க முடிந்தது. நம் பெண்களின் கையிலிருந்தும் அந்தப் புத்தகத்தை வாங்கிவிடாதிருப்போம்.